பட்டம் யாருக்கு, பாரம் யாருக்கு?

பேராக்கின் பெருந்தலைவர்களைப் பற்றிக் கோப்பெங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், பழைய பேராக்கின் பெருந்தலைவர்கள். சுல்தான்களைப் பற்றி நமக்கு ஓரளவு தெரியும். பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம், படங்களைப் பார்த்திருக்கிறோம். ஆனால் சுல்தானுக்கு அடுத்த படியில் நின்றவர்கள் யார்? ஆற்றையும் நிலத்தையும், வரியையும் ஆள்பலத்தையும் கைக்குள் வைத்திருந்தவர்கள் யார்? மலாயில் 'ஓராங் பெசார்' என்று அழைக்கப்பட்ட அந்தப் பெருந்தலைவர்கள் எப்படி எழுந்தார்கள், எப்படி ஆண்டார்கள், எப்படி வீழ்ந்தார்கள், நமக்கு என்ன விட்டுச் சென்றார்கள்? இவைதான் இன்றைய கேள்விகள்.

தமிழர் கூடிய மண்டபத்தில் மலாய்ப் பெருந்தலைவர்களின் கதை எதற்கு என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் பதில் சொல்கிறேன். நாம் பிறந்தது இந்த மண்ணில். நம் பாட்டன் பூட்டனை எரித்ததும் புதைத்ததும் இந்த மண்ணில். நாம் கால் ஊன்றி நிற்கும் நிலத்தின் கதை நமக்குத் தெரியாவிட்டால், நம் சொந்தக் கதையும் பாதிதான் தெரியும். ஆகவே, தயவுசெய்து என்னோடு கொஞ்ச தூரம் பின்னோக்கி நடந்து வாருங்கள்.

1511-ல் மலாக்கா போர்த்துகீசியரிடம் விழுந்தது. அந்த மலாக்காவின் கடைசி சுல்தான் மஹ்மூத் ஷா. அவருடைய மகன் முசாஃபர் ஷா 1528-ல் பேராக் ஆற்றங்கரையில் வந்து அரியணை ஏறினார். அன்று தொடங்கிய அரசு இன்று வரை அறுபடாமல் தொடர்கிறது. ஏறத்தாழ 500 ஆண்டு! போர்த்துகீசியர் வந்தார்கள், அச்சே படை வந்தது, ஈயத்தை மொத்தமாகத் தங்களுக்கே விற்க வேண்டும் என்று ஒப்பந்தம் நீட்டிய டச்சுக்காரர்கள் வந்தார்கள். பங்கோர் தீவுக்குப் போனவர்கள் அந்த டச்சுக் கோட்டையின் செங்கல் சுவரைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். வந்தவர்கள் எல்லாரும் போனார்கள். பேராக் அரசு நின்றது.

எதனால் நின்றது? ஒருவரே எல்லாவற்றையும் ஆளவில்லை என்பதால் நின்றது. நால்வர், எண்மர், பதினாறு பேர், முப்பத்திரண்டு பேர் என்று நான்கு அடுக்காகப் பெருந்தலைவர்கள். முதல் நால்வரில் பண்டஹாரா, தெமெங்கோங், மந்திரி போன்ற பெரும்பதவிகள். அடுத்த எண்மரில் லக்சமானா, ஷாபந்தர், மகாராஜா லேலா, பங்லிமா கிந்தா போன்றவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு, ஒரு வருமானம், ஓர் எல்லை. ஆற்று முகத்துவாரத்தில் வந்து போகும் சரக்கு லக்சமானா, ஷாபந்தர் கையில். கிந்தா பள்ளத்தாக்கு பங்லிமா கிந்தா கையில். ஆம், நாம் இப்போது கூடியிருக்கும் இந்தக் கோப்பெங்கும் அந்தப் பங்லிமாவின் எல்லைக்குள் இருந்த ஊர்தான்.

சுல்தான் இறந்தால் அடுத்தவர் யார் என்பதிலும் இந்தத் தலைவர்களின் சொல்லுக்கு எடை உண்டு. 1871-ல் சுல்தான் அலி மறைந்தார். இளவரசர் ராஜா அப்துல்லா அடக்கச் சடங்குக்கு வரவில்லை. தலைவர்கள் கூடிப் பேசி, பண்டஹாராவாக இருந்த ராஜா இஸ்மாயிலைச் சுல்தானாக்கினார்கள். அரச குருதி மட்டும் போதாது, தலைவர்களின் ஒப்புதலும் வேண்டும் என்பது அந்த நாளின் நடைமுறை. 'தொண்ணூற்றொன்பது சட்டங்கள்' என்று ஒரு பழைய சட்டத் தொகுப்பும் பேராக்குக்கு இருந்தது. ராஜா சூலான் எழுதிய 'மிசா மெலாயு' என்ற வரலாற்று நூல் 18-ஆம் நூற்றாண்டு அரசவையை நம் கண்முன் நிறுத்துகிறது. காட்டுக்குள் கிடந்த சிற்றரசு என்று யாரும் இதை எளிதாக நினைத்துவிடக் கூடாது. சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றி வந்த நம் சூலியா வணிகர்களுக்கு, பேராக்கின் ஈயம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக்கு முன்பே பழக்கமான சரக்கு.

சரி, பெருமையைச் சொன்னேன். இனிக் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிறேன். பட்டம் இவர்களுக்கு. பாரம் யாருக்கு?

இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு கணம் உலகின் மறு கோடிக்குப் போய் வருவோம். பால்டிக் கடலோரத்தில் லித்துவேனியா என்று ஒரு நாடு. இன்று சின்ன நாடு. ஆனால் ஒரு காலத்தில், அதன் பெருங்கோமகன்களின் ஆட்சி பால்டிக் கரையிலிருந்து கருங்கடல் பக்கம் வரை விரிந்து கிடந்தது. 1323-ல் கெதிமினாஸ் என்ற கோமகன் வில்னியஸ் நகரிலிருந்து ஜெர்மன் நகரங்களுக்குக் கடிதம் எழுதினார். வணிகர்களே வாருங்கள், கைவினைஞர்களே வாருங்கள், சலுகை தருகிறேன் என்று அழைத்தார். அவர் பேரன் யோகைலா 1386-ல் போலந்தின் அரசரானார். இன்னொரு பேரன் விதௌதாஸ். இந்த இருவரும் சேர்ந்து 1410 ஜூலை 15-ல் டியூட்டானிய வீரர்களின் படையை முறியடித்தார்கள். ஐரோப்பாவின் மிகப் பெரிய போர்களில் ஒன்று அது.

1529-ல், அதாவது முசாஃபர் ஷா இங்கே அரியணை ஏறிய அடுத்த ஆண்டு, லித்துவேனியாவின் சட்டத் தொகுப்பு எழுத்தில் வந்தது. 1566-லும் 1588-லும் அதைத் திருத்தி விரித்தார்கள். 1795-ல் அந்த நாடே ரஷ்யப் பேரரசின் வாய்க்குள் போன பிறகும், 1840 வரை அந்தச் சட்டம் அங்கே உயிரோடு இருந்தது. நாடு போன பிறகும் சட்டம் வாழ்ந்தது! எவ்வளவு பெரிய சாதனை! அரசரின் கையைக் கட்டிய சட்டம் அது. பிரபுக்களின் உரிமையைக் காத்த சட்டம் அது.

ஆனால் நண்பர்களே, அதே சட்டம் குடியானவனை என்ன செய்தது? அவனை நிலத்தோடு சேர்த்துக் கட்டியது. பிரபுவின் வயலில் வாரத்தில் இத்தனை நாள் வேலை செய்தாக வேண்டும். ஓடிப் போனால் தேடிப் பிடித்துத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். மேலே இருந்தவனுக்கு உரிமைப் பத்திரம், கீழே இருந்தவனுக்குக் கால் விலங்கு. இரண்டும் ஒரே நூலுக்குள்! ரஷ்யப் பேரரசில் 1861-ல்தான் அந்த விலங்கு கழன்றது. இன்று லித்துவேனியர் அந்தக் கோமகன்களுக்குச் சிலை வைக்கிறார்கள். இடிந்து போன அரண்மனையைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த வயலில் முதுகு ஒடிந்தவனுக்குச் சிலை எங்கே?

அங்கே பார்த்த அதே காட்சியைப் பேராக் ஆற்றங்கரையிலும் பார்க்கலாம். இங்கே விலங்கின் பெயர், கடன்.

ஒருவன் தலைவரிடம் பத்து வெள்ளி கடன் வாங்குவான். விளைச்சல் பொய்த்துப் போகும். திருப்பித் தர முடியாது. அன்றிலிருந்து அவன் தலைவரின் ஆள். அவன் மனைவி தலைவர் வீட்டுப் பணிப்பெண். பிள்ளைகளும் அப்படியே. அவர்கள் உழைத்த உழைப்பு கடனில் ஒரு காசைக்கூடக் குறைக்காது. முதல் அப்படியே நிற்கும். பணத்தைக் கட்டித் தீர்க்கும் வரை விடுதலை கிடையாது, உழைப்பையே கொடுத்துக்கொண்டிருப்பவன் பணத்துக்கு எங்கே போவான்? ஒரு தலைவரின் பெருமையை அவர் கோட்டையை வைத்து யாரும் அளக்கவில்லை. அவருக்குப் பின்னால் எத்தனை ஆள் நிற்கிறது என்பதை வைத்து அளந்தார்கள். அந்த ஆட்களில் பலர் கடனுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

இந்தக் கடன் முறை நிலவிய காலத்தில்தான் பேராக்கின் லாருட் பகுதியில் ஈயம் பொங்கியது. லோங் ஜாஃபாரும் அவர் மகன் ங்கா இப்ராஹிமும் அந்த ஈயத்தால் சுல்தானையே மிஞ்சும் செல்வம் பெற்றார்கள். கீ ஹின், ஹாய் சான் என்று இரண்டு சீனக் கூட்டங்கள் சுரங்கத்துக்காக வெட்டிக்கொண்டன. ஒருபுறம் அரியணைச் சண்டை, மறுபுறம் சுரங்கச் சண்டை. ஆங்கிலேயர் காத்திருந்த வாசல் திறந்தது.

1874 ஜனவரி 20. பங்கோர் உடன்படிக்கை. இஸ்மாயிலின் இடத்தில் அப்துல்லா சுல்தான் ஆனார். பதிலுக்கு ஓர் ஆங்கிலேய ரெசிடென்டை ஏற்றுக்கொள்ள வேண்டும். மதமும் மலாய் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவருடைய ஆலோசனையைக் கேட்க வேண்டும், கேட்டபடி நடக்கவும் வேண்டும். வரி வசூலும் அவர் சொற்படிதான். யோசித்துப் பாருங்கள். வரிதான் பெருந்தலைவரின் உயிர்நாடி. அந்த நாடியில் ஒரே கையெழுத்தால் கத்தி வைத்தார்கள்.

முதல் ரெசிடென்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச். இலங்கையில் நெடுங்காலம் அதிகாரியாக இருந்துவிட்டு வந்தவர். பொறுமை இல்லாதவர். தலைவர்களின் வரி உரிமையை நிறுத்தினார். கடனுக்குக் கட்டுப்பட்ட பெண்கள் ஓடி வந்தால் அடைக்கலம் கொடுத்தார். முதலாவது, தலைவர்களின் பையைத் தொட்டது. இரண்டாவது, அவர்களின் மானத்தைத் தொட்டது.

1875 நவம்பர் 2. பாசிர் சாலாக். ஆற்றோரத்தில் பர்ச்சின் படகு நிற்கிறது. அவருடைய மொழிபெயர்ப்பாளர் கரையில் ஒரு சீனப் பொற்கொல்லரின் கடைச் சுவரில் அறிவிப்பு ஒட்டுகிறார். நிர்வாகம் இனி ஆங்கிலேயர் கையில் என்ற அறிவிப்பு. மகாராஜா லேலாவின் ஆட்கள் அதைக் கிழிக்கிறார்கள். இவர் மறுபடி ஒட்டுகிறார். அவர்கள் மறுபடி கிழிக்கிறார்கள். அடுத்த நொடி மொழிபெயர்ப்பாளர் மேல் ஈட்டி பாய்கிறது. ஆற்றில் மிதக்கும் குளியலறைக்குள் பர்ச் இருக்கிறார். செபுந்தும் என்பவனின் ஈட்டி அந்தத் தடுப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது.

பிறகு படை வந்தது. இந்தியாவிலிருந்தும் படை வந்தது. பர்ச் கொலைக்காக மகாராஜா லேலா, டத்தோ சாகோர், பண்டாக் இண்டுட் மூவரையும் மாத்தாங்கில் தூக்கிலிட்டார்கள். எந்த நாளில் தெரியுமா? 1877 ஜனவரி 20-ல். பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாகி நாள் பிசகாமல் மூன்று ஆண்டு! சுல்தான் அப்துல்லாவும் ங்கா இப்ராஹிமும் லக்சமானாவும் ஷாபந்தரும் இந்தியப் பெருங்கடல் நடுவே இருக்கும் செய்ஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். மிஞ்சிய தலைவர்கள் அரசாங்கப் படியை வாங்கிக்கொண்டு மாநில ஆலோசனை மன்றத்தில் உட்கார்ந்தார்கள். முன்னூறு ஆண்டுக்கு மேல் ஆற்றை ஆண்டவர்கள் சம்பளப் பட்டியலுக்குள் வந்தார்கள்.

அன்பர்களே, இந்த இடத்தில் கதை நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. கவனமாகக் கேளுங்கள்.

தூக்கு நடந்த அதே 1877-ல் ஹியூ லோ ரெசிடென்டாக வந்தார். நிதானமான மனிதர். தலைவர்களைக் கலந்து பேசி, 1883-ஆம் ஆண்டு முடிவோடு கடனடிமை முறையை ஒழித்தார். இது நல்ல காரியம். நல்லதை நல்லது என்றே சொல்ல வேண்டும். அதே லோ, அதே 1877-ல், கோலகங்சாரில் தம் வீட்டுத் தோட்டத்தில் சில ரப்பர் கன்றுகளை நட்டார். அந்த வழி வந்த பழைய மரம் ஒன்று கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. போனால் பாருங்கள், பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். நம் பாட்டன்மார் வாழ்நாள் முழுவதும் சீவிய கித்தா மரத்தின் முன்னோடி அது.

கடனடிமையை ஒழித்த கை எந்தத் தொழிலாளியைக் கொண்டு வந்தது? கிரியான் கரும்புத் தோட்டங்களுக்குச் சஞ்சிக்கூலியாகத் தமிழனைக் கொண்டு வந்தது. கப்பல் கூலி அவன் கணக்கில். சோற்றுச் செலவு அவன் கணக்கில். கணக்குத் தீரும் வரை தோட்டத்தை விட்டு அவன் போகக் கூடாது, போனால் சிறை. 1910-ல் சஞ்சி முறை போனது. கங்காணி முறை தொடர்ந்தது. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்தார். அந்த முன்பணம் கடலைத் தாண்டி வந்தது, லயத்துக்குள் வந்தது. தோட்டத்துக் கடையில் பற்று வளர்ந்தது. காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்கு எத்தனை ஆள் நின்றதோ, அத்தனைக்குக் கங்காணிக்குத் தலைக்காசு.

இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? பின்னால் நிற்கும் ஆளை எண்ணித் தன் பெருமையை அளந்த பழைய தலைவர் நினைவுக்கு வரவில்லையா? ஆற்றங்கரையில் தலைவரின் கடன், தோட்டத்தில் கங்காணியின் கடன். ஒரு கடனை ஒழித்தோம் என்று மார்தட்டிய ஆட்சி, இன்னொரு கடனைக் கப்பலேற்றிக் கொண்டு வந்தது. பட்டம் மாறியது. பாரம் மாறவில்லை. சுமந்த தோள் மட்டும் மாறியது. அது நம்முடைய தோள்.

பட்டம் இல்லாத புதிய பிரபுக்கள் நம் கோப்பெங்கைச் சுற்றியே எழுந்தார்கள். இயூ கோங் என்ற சீனப் பெரியவர் 1879-ல் இந்த ஊரில்தான் மூலிகை மருந்துக் கடை திறந்தார். ஈயச் சுரங்கக் கூலிகளுக்கு மருந்து கொடுக்கத் தொடங்கிய அந்தக் கடைதான் இன்று பல நாடுகளில் கிளை பரப்பியிருக்கும் இயூ யான் சாங். நம் ஊர் பெருமைப்பட வேண்டிய கதை இது.

பத்து காஜாவுக்குப் போகும் சாலையில் கெல்லி மாளிகை நிற்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த வில்லியம் கெல்லி ஸ்மித், ரப்பரில் சேர்த்த பணத்தைக் கொண்டு 1915-ல் கட்டத் தொடங்கிய மாளிகை. கட்டியவர்கள் நம்மவர்கள். கல் சுமந்தது, செங்கல் அடுக்கியது, காய்ச்சலில் செத்தது எல்லாம் நம்மவர்கள். 1926-ல் அவர் லிஸ்பனில் இறந்தார். மாளிகை முடியாமலே நின்றுவிட்டது. பக்கத்தில் மாரியம்மன் கோயில். தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் அவர் கட்டிக் கொடுத்தது என்பார்கள். அந்தக் கோயில் கூரையை நிமிர்ந்து பாருங்கள். சாமி சிலைகளுக்கு நடுவே வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஓர் உருவம் நிற்கும். அது கெல்லி ஸ்மித் என்று சொல்கிறார்கள். துரைக்குத் தமிழன் கோயில் கூரையில் இடம் கொடுத்தான். அந்தத் தமிழனின் பெயரை அந்த மாளிகைச் சுவரில் தேடிப் பாருங்கள். ஒரு பெயர் கிடைக்குமா?

பெருந்தலைவர்கள் விட்டுச் சென்றவை என்ன என்று தொடக்கத்தில் கேட்டேன். இப்போது அதைச் சொல்கிறேன்.

முதலாவது, பெயர்கள். பிறிதோர் ஆட்சியில் குற்றவாளி என்று தூக்கில் தொங்கியவர், இன்று நாட்டின் வீரர். கோலாலம்பூரில் மகாராஜா லேலா சாலை இருக்கிறது, அதே பெயரில் மோனோரயில் நிலையமும் இருக்கிறது. ஈப்போவில் பர்ச்சின் நினைவாக 1909-ல் எழுப்பிய மணிக்கூண்டு இன்னும் நிற்கிறது. அது நிற்கும் சாலைக்கு என்ன பெயர் தெரியுமா? டத்தோ சாகோர்! கொல்லப்பட்டவரின் நினைவுக் கோபுரம், அவர் கொலைக்காகத் தூக்கில் ஏறியவரின் பெயர் தாங்கிய சாலையில். பேராக் மக்கள் கோபுரத்தையும் இடிக்கவில்லை, பெயரையும் மறக்கவில்லை. இரண்டையும் அருகருகே நிறுத்தி, வரலாறு இரண்டு பக்கமும் பேசட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, கட்டடங்கள். கிந்தா ஆற்றங்கரையில் ஈப்போவின் பங்லிமா கிந்தா பள்ளிவாசல். அன்றைய பங்லிமா முகமது யூசுப் மறைந்த தம் மனைவியின் நினைவாக 1898-ல் கட்டியது. வரி உரிமை போன பிறகும் ஒரு தலைவர் தம் மக்களுக்குப் பொதுவாக ஓர் இடம் விட்டுச் சென்றார்.

மூன்றாவது, ஒரு மெட்டு. பேராக் மாநிலப் பண்ணின் மெட்டுதான் 1957-ல் நம் 'நெகாராகூ' ஆனது. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்திப் பாடும்போது, பேராக் அரசவையின் இசையைத்தான் பாடுகிறார்கள்.

நான்காவது, எல்லாவற்றிலும் பெரியது, ஒரு பழக்கம். யாரும் தனியாக ஆளக் கூடாது, கலந்து பேசித்தான் ஆள வேண்டும் என்ற பழக்கம். அந்தப் பெருந்தலைவர் பட்டங்கள் இன்றும் பேராக்கில் வழங்கப்படுகின்றன. 1903-ல் கோலாலம்பூரில் நடந்த மலாய் ஆட்சியாளர் மாநாட்டில் பேராக் சுல்தான் இட்ரிஸ் எழுந்து, அதிகாரம் எல்லாம் ஒரே இடத்தில் குவிகிறது, மாநிலங்களின் குரல் மங்குகிறது என்று ஆங்கிலேயர் முகத்துக்கு நேரே குறை சொன்னார். அந்தப் பழைய பழக்கம் தந்த துணிச்சல் அது.

இந்த நான்கையும் மதிக்கிறேன். மனமார மதிக்கிறேன். ஆனால் ஐந்தாவது ஒன்றும் இருக்கிறது, அது எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை. கடனைச் சுமந்த மலாய்க் குடியானவனின் கதை, சுரங்கச் சேற்றில் நின்ற சீனக் கூலியின் கதை, கித்தா காட்டில் விடியற்காலை விளக்கோடு நடந்த நம் பாட்டியின் கதை. மூன்றும் ஒரே கதை. இந்த மூன்று பேருடைய பிள்ளைகளும் இன்று இதே ஊரில், ஒரே கடைத்தெருவில் நடக்கிறோம். ஒருவர் முன்னோர் சுமந்ததை மற்றவர் தெரிந்துகொள்ளாமல், நாம் எப்படி ஒரு நாட்டு மக்களாக முடியும்?

அதனால் உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

பெற்றோரே, பிள்ளைகளைப் பாசிர் சாலாக்குக்கும் மாத்தாங்கில் ங்கா இப்ராஹிம் கோட்டைக்கும் கூட்டிப் போங்கள். மகாராஜா லேலாவின் கதையை நம் வீட்டுக் கதையாகச் சொல்லுங்கள். இந்த மாநிலத்தின் வரலாறு நமக்கும் உரியது.

இளைஞர்களே, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இடிந்தன, கித்தா காடு செம்பனைக் காடாயிற்று. ஆனால் பல வீடுகளில் பழைய தகரப்பெட்டி இருக்கிறது. அதில் சம்பளச் சீட்டு இருக்கும், கப்பல் டிக்கெட் இருக்கும், சிவப்பு அடையாள அட்டை இருக்கும், கடைப் பற்று நோட்டு இருக்கும். ஈரம் அரிப்பதற்கு முன் அவற்றை எடுங்கள். படம் பிடியுங்கள். பக்கத்தில் பாட்டியை உட்கார வைத்து, எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, எவ்வளவு கூலி, எவ்வளவு கடன் என்று கேட்டு எழுதுங்கள். லித்துவேனியாவின் சட்டம் எழுத்தில் இருந்ததால்தான் நாடு போன பிறகும் வாழ்ந்தது. எழுதப்படாத வாழ்க்கை, வாழ்ந்தவரோடு போய்விடும்.

தலைவர்களே, கோயில் தலைவராக இருந்தாலும், பள்ளி வாரியத் தலைவராக இருந்தாலும், கட்சித் தலைவராக இருந்தாலும், டத்தோ பட்டம் பெற்றவராக இருந்தாலும், உங்களுக்கு ஒரு சொல். பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பெருமைப்பட்ட காலம் பேராக் ஆற்றோடு போகட்டும். உங்களால் எத்தனை பேரின் கடன் தீர்ந்தது, எத்தனை பிள்ளைகள் பள்ளிப் படிப்பை முடித்தார்கள், எத்தனை குடும்பம் சொந்த வீட்டில் குடியேறியது என்ற கணக்கை ஆண்டுதோறும் மக்கள் முன் வையுங்கள். அந்தக் கணக்கை வைப்பவரைப் பெருந்தலைவர் என்று நாங்களே அழைப்போம். வைக்காதவரிடம், இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் எழுந்து நின்று, மரியாதையோடு, விடாமல் கேட்போம்.